கமி, கித்தா

எட்டாம் மாடியில்
மருத்துவமனையையும் மருத்துவக் கல்லூரியையும் கோக்கும்
கண்ணாடிப் பாலம்.
கீழே ஜாலான் ஈப்போவின் நெரிசல்.
பாலத்தின் நட்டநடுவில் ஒரு பிரிண்டர்.
பதினோரு வருடமாக
யாருடையதும் அல்ல அது.

உடம்பெல்லாம் ஒட்டுத்தாள்.
கணினி உதவிக்கு மருத்துவமனையின் எண்,
அதன்மேல் கல்லூரியின் எண்,
அதன்மேல் ஆய்வுக்கூடத்தின் எண்,
பல் மருத்துவத்தார் ஒட்டியது குறுக்காக.
எல்லாவற்றுக்கும் அடியில் மார்க்கர் பேனாவில்
ரோஸ்லானைக் கூப்பிடு, ஒரு கைப்பேசி எண்.
ரோஸ்லான் ஓய்வு பெற்று
கோல சிலாங்கூரில் தூண்டில் போடுகிறார்.
இன்னும் அழைப்பு வருகிறதாம்.

டெங்கி வார்டிலிருந்து புனிதமலர் கூப்பிட்டால்
நான் சொல்வேன்:
மிஸ்ஸி, அது எங்களுடையது இல்லை.
கல்லூரியில் கியட்டும் அதையே சொல்வான்.
ஆய்வுக்கூடத்தில் ஹஸ்லினா, இன்னும் மரியாதையாக.
சுற்றி முடித்து என்னிடமே திரும்பும்போது
குழாய்களில் கையால் பெயரெழுதத் தொடங்கியிருப்பார்.
தனராஜ். தனராஜு.
அவசரக் கையெழுத்தில் இருவரும் ஒருவரே.

சுற்றறிக்கை ஆங்கிலத்தில் வந்தது.
வெள்ளி நள்ளிரவு முதல்
ஒரே மேசை, ஒரே எண், ஒரே வரிசை.
வாக்கியத்துக்கு வாக்கியம் 'வீ'.
மலாயில் மாற்ற உட்கார்ந்த ஹஸ்லினா
முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள்.
கமியா, கித்தாவா?
கேட்பவரை வாசலில் நிறுத்தும் நாங்களா,
கையைப் பிடித்து உள்ளே இழுக்கும் நாமா?
கறிபப்பைக் கடித்துக்கொண்டே கியட்
ஹொக்கியனிலும் இரண்டு உண்டு என்றான்.
தமிழைக் கேட்கவே வேண்டாம்.
ஆங்கிலம் மட்டும்
அந்தக் கவலையில்லாமல் கையெழுத்திட்டிருந்தது.
மாலை ஐந்துக்கு மேலாளர் தீர்ப்புச் சொன்னார்: கமி.
அலுவல் கடிதத்துக்கு அதுதான் அழகாம்.

பெயர்ப்பட்டியல்களை ஒன்றாக்கும் வேலை எனக்கு.
மருத்துவமனையில் நான் வேதநாயகி.
கல்லூரியில் அப்பா பெயர் முந்திக்கொண்டதில், சின்னையா.
ஆய்வுக்கூடத்தில் இருபதாம் எழுத்தோடு கத்தரித்து
வேதநாயகி ஏ-பி சின்.
ஒருத்தியை வைத்துக்கொள், இருவரை அழி
என்றது திரை.
ஒன்பது வருடமாகக் காலைதோறும்
'செலாமட் டத்தாங், சின்னையா' என்றிருந்தது ஓர் இயந்திரம்,
அவர் போன பிறகும்.
அதைக் கடைசியில் அழித்தேன்.

பன்னிரண்டு அடித்து ஏழு நிமிடம்.
வெளியே மழை.
புது எண்ணின் முதல் மணி.
"எடுக்கிறீங்களான்னு பார்த்தேன்" என்றார் புனிதமலர்.
"பாலத்து பிரிண்டர் லேபிள் துப்பமாட்டேங்குது.
ஒன்பது குழாய் காத்திருக்கு."
வாய் தன் பழக்கத்தில்
'அது எங்க' வரைக்கும் போய்விட்டது.
சந்துக்குள் நுழைந்துவிட்ட லாரியைப்
பின்னால் எடுப்பது போல எடுத்தேன்.
"எங்க… நம்ம பிரிண்டர்தான் மிஸ்ஸி. வர்றேன்."
சற்று மௌனம்.
"யார் பேசுறது?" என்றார்.

ஒரே வரிசை என்பதால்
மூன்று கைப்பேசியும் அதிர்ந்திருக்கின்றன.
பாலத்தின் அந்த முனையிலிருந்து கியட்,
பின்னாலேயே நனைந்த காலணியோடு ஹஸ்லினா.
பதினோரு வருடம் ஒருவரும் வராத பிரிண்டருக்கு
மூவர்.

மூடியைத் திறந்தோம்.
உருளையைச் சுற்றிக்கொண்டு கிடந்தது
ஆய்வுக்கூடத்தின் பழைய ஒட்டுத்தாள்,
ஈரக்காற்றில் உரிந்து எப்போதோ உள்ளே நழுவியது.
வார்டிலிருந்து வாங்கிய இடுக்கியால்
கியட் அதைத் துண்டு துண்டாக எடுத்தான்.
ஹஸ்லினா சிரிக்காமலிருக்கப் பாடுபட்டாள்.

தனராஜ், என்று வந்தது முதல் லேபிள்.
அடுத்தது தனராஜு.
புனிதமலர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
நன்றி சொல்ல மறந்து ஓடினார்.

புது எண்ணை ஒட்டுவதற்குப்
பழையவற்றை நகத்தால் சுரண்டினோம்.
மார்க்கர் எழுத்து மட்டும் போகவில்லை.
ரோஸ்லானை மறைக்க வேண்டாமென்று
கொஞ்சம் தள்ளி ஒட்டினாள் ஹஸ்லினா.
கோணலாக.